ஒரு டொலர்ப் பெட்டி

எங்கள் இல்லத்தில் பாட்டியாரின் படம் ஒன்றே உண்டு. கண்டிக் குளக்கரையில், காலை வெயிலில், மதிலோரமாக அவர் நிற்கிறார். 1950களின் இறுதியில் என் தந்தையார் தமது பெட்டிக் கமராவினால் எடுத்த படம் அது. அவ்வாண்டு எசல பெரஹராவையும் எடுக்க முயன்றார். கொப்பறாப் பந்தங்களின் ஒளியில் அசைந்து சென்ற யானைகளுள் ஒன்றேனும் படச்சுருளில் பதியவில்லை. கமரா பழுதாயிற்று என்றே சிறுவனாகிய நான் எண்ணினேன். உண்மைக் காரணத்தை, அத்தகைய பெட்டிகளுக்கு வழிவகுத்த ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் வரலாற்றைக் கற்றபோதே உணர்ந்தேன்.

ஈஸ்ட்மன் 1854 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, 14 வயதிற் பள்ளியை விட்டு, வாரம் 3 டொலர் சம்பளத்தில் ஏவலாளாக அமர்ந்தார். பின்னர் வங்கி எழுத்தரானார். படமெடுக்கும் கலையில் நாட்டங் கொண்டவர், அதன் கருவிகளின் சுமையைக் கண்டு மலைத்தார். இரவுதோறும் அன்னையாரின் சமையலறையிலே பரிசோதனைகள் செய்து, அச்சுமையைக் குறைக்க வழி தேடினார்.

1888 இல் அவரது முதற் கொடாக் கமரா வெளிவந்தது. நூறு படங்களுக்கான சுருளுடன் அதன் விலை 25 டொலர். சிறுவயதில் அவர் பெற்ற சம்பளத்தில் எட்டு வாரத்துக்கும் மேற்பட்ட தொகை அது! ஏழைக்கு எட்டாத பொருளாகவே அது இருந்தது.

ஆகவே விலையை முதலில் வகுத்து, அதற்குள் எவை அடங்கும் என்று பார்த்தனர். பிராங்க் பிரௌனெல் என்பார் வடிவமைத்த பிரௌனி, 1900 இல் ஒரு டொலருக்கு விற்பனைக்கு வந்தது. உடல் அட்டையால் ஆனது. வில்லை மிக எளியது. ஒளி புகும் துளையைச் சிறிதாக்கியமையால், தூரத்துக்கேற்ப வில்லையை நகர்த்தும் பொறி வேண்டாதாயிற்று. ஆயின் சிறு துளைக்குப் பேரொளி தேவை. வெயில் இன்றேல் படம் இல்லை. காட்சியைக் குறிபார்க்கும் ஆடியும் பெட்டியோடு வரவில்லை. வேண்டுவோர் தனியே வாங்க வேண்டும். ஆறு படங்களுக்கான சுருள் 15 சதம். பெட்டி விற்பது ஒருமுறை, சுருள் விற்பது பலமுறை என்பதே அவர் கணக்கு. மறு ஆண்டு, பெரிய படமும் உள்ளமைந்த ஆடியும் கொண்ட இரண்டாம் பிரௌனி 2 டொலருக்கு வந்தது.

ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஈந்த ஈஸ்ட்மன், முள்ளந்தண்டு நோயால் நொந்து, 1932 மார்ச் 14 இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

இரவையும் பதிக்கவல்ல வில்லையை அப்பெட்டியிற் பொருத்தியிருந்தால், என் தந்தையாரால் அதை வாங்க இயன்றிராது. பெரஹராவைப் படமெடுத்தோர் எத்தனையோ பேர் உளர். பாட்டியாரைப் படமெடுத்தது அந்தப் பெட்டி ஒன்றே.