சுவரைத் தாண்டி அடித்த மணி!

குட்டீஸ்... பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்றொரு மீனவ கிராமம் இருக்கிறது. அங்கே கரையில் நிற்பவர், ஏரியில் வலை போடும் அண்ணனிடம் பேச வேண்டுமானால் என்ன செய்வார்? மொபைல் போனை எடுப்பார். போனில் கம்பியே கிடையாது. பேச்சைச் சுமந்து செல்பவை ரேடியோ அலைகள். அந்த அலைகளை அந்தக் காலத்திலேயே ஆட்டுவித்துக் காட்டிய இந்தியர் யார் தெரியுமா? ஜெகதீஷ் சந்திர போஸ்!

1858 நவம்பர் 30ல், இப்போது வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலம் அது. அப்பாவோ மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் போசுக்கு ஒரு பக்கம் அப்பாவின் பணியாளர் மகன். மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, மீன் கதைகள்தான் அவருக்கு இயற்கை மீது ஆசையை வளர்த்தன.

பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885ல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே ஒரு அநீதி. ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்குக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை. சம்பளத்தையே வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் கடன் இருந்தும், மூன்று ஆண்டுகள் பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

நல்ல ஆய்வுக்கூடமும் இல்லை. சின்ன அறையில், தகர வேலை செய்பவர் ஒருவரின் உதவியோடு தானே கருவிகள் செய்தார். 1895ல் கொல்கத்தாவில் மக்கள் முன்னால் ஒரு சோதனை. கண்ணுக்குத் தெரியாத அலைகள் சுவரைத் துளைத்துச் சென்று, தூரத்தில் இருந்த மணியை அடித்தன. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன! அவர் உண்டாக்கிய அலைகளில் சில 5 மில்லிமீட்டர் நீளமே. ஓர் அரிசி அளவுதான்.

சரி, மொபைல் போன் எப்படி வேலை செய்கிறது? உங்கள் பேச்சு எண்களாக மாறி, ரேடியோ அலையில் ஏறிப் பக்கத்துக் கோபுரத்துக்குப் போகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை என்றால், நொடிக்கு 90 கோடி முறை அதிரும்; நீளம் உங்கள் ஸ்கேலை விடச் சற்று அதிகம். கோபுரத்திலிருந்து இணைப்பகத்துக்குப் பேச்சு போகும். நண்பரிடம் வேறு கம்பெனி சிம் இருந்தால், அந்தக் கம்பெனியின் இணைப்பகத்திடம் அது ஒப்படைக்கும். அங்கிருந்து நண்பருக்கு அருகில் உள்ள கோபுரம், பிறகு அவர் போன். பேசிக்கொண்டே படகு நகர்ந்தால், அடுத்த கோபுரம் பொறுப்பேற்றுக் கொள்ளும்.

கண்டுபிடிப்பை விற்றுப் பணம் சேர்க்க போஸ் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் 1904ல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் பெற்றார். பிறகு செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23ல் மறைந்தார்.

அவர் கையாண்டது போன்ற மில்லிமீட்டர் அலைகளைத்தான் இன்றைய 5ஜி தொழில்நுட்பமும் ஒரு பகுதிக்குப் பயன்படுத்துகிறது. வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் கதையையும் காது கொடுத்துக் கேளுங்கள் குட்டீஸ். போசின் அறிவியல் அங்கேதான் தொடங்கியது!