13 வயதில் புகழ். 25 வயதில் மரணம்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1942-ல் பிறந்தவன் பிராங்கி லைமன். தகப்பனார் லாரி டிரைவர். பையன் மளிகைக் கடையில் எடுபிடி வேலை செய்தான்.

நான்கு நண்பர்களோடு "டூ-வாப்" பாட்டுப் பாடினான். வாயாலேயே தாளம் போட்டுப் பலர் சேர்ந்து பாடும் பாட்டு அது.

1956-ல், முட்டாள்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்று கேட்கும் அவர்களது இசைத்தட்டு வந்தது. வேறு பாடகர்களும் அதே பாட்டைத் தட்டில் பாடி, போட்டிக்கு வந்தார்கள். பிராங்கியின் தட்டே முந்தியது. பிரிட்டனில் முதல் இடம்!

மறு ஆண்டே நண்பர்களைப் பிரிந்தான். குரல் மாறியது. போதை மருந்து பிடித்துக்கொண்டது. 1968-ல் செத்துப்போனான்.

பாட்டு உரிமை பிராங்கி, கம்பெனி முதலாளி பேரில் பதிவாகியிருந்தது. எழுதியது தாங்களே என்று பழைய நண்பர்கள் இருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஜூரிகள் அதை ஏற்றார்கள். 1996-ல் மேல் கோர்ட்டு, கெடு கடந்துவிட்டது என்று தீர்ப்பை ரத்து செய்தது.