குழந்தைகளின் அறிவுத்தாய் மரியா மாண்டிசோரி அம்மையார்

  

ஆண்டுதோறும் இம்மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகின்றோம். இவ்வாண்டு, வகுப்பறை என்பது எப்படி இருத்தல் வேண்டும் என்பதையே மாற்றிக் காட்டிய ஓர் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் திடலில் கருந்துணி விரிப்பதையும், பால்மர விதைகளை வரிசை வரிசையாக அடுக்குவதையும் கண்ட பெற்றோர் சிலர், பிள்ளைகள் படிக்கின்றனரா, விளையாடுகின்றனரா என்று எம்மிடம் வினவினர். வினவுவது அவர்தம் உரிமை. விடை கூறுவது நம் கடமை. அவ்விடை இவ்வம்மையாரின் வாழ்க்கையிலேயே அடங்கியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். தாயார் நூல் பல கற்றவர். மகளின் கல்விக்காகத் துணைநின்றவர் அத்தாயாரே. குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தபின், பெண் பிள்ளைகள் அரிதாகவே சேரும் தொழில்நுட்பப் பள்ளியில் மரியா சேர்ந்தார். பொறியியல் கற்க விரும்பியவரின் நாட்டம் பின்னர் மருத்துவத்தின்பால் திரும்பியது.

அக்காலத்தில் மருத்துவக் கல்வி ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. ஆடவரோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயிலல் பெண்ணுக்குத் தகாதென்று விலக்கப்பட்டமையால், பிற மாணவர் சென்றபின் தன்னந்தனியே அப்பயிற்சியை அவர் மேற்கொண்டார். இத்தனை இடர்களையும் கடந்து 1896ஆம் ஆண்டு உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர்.

மருத்துவர் ஆசிரியரானார்

மருத்துவமனைப் பணியின்போது, மனவளர்ச்சி குன்றியோர் எனப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த சிறார்களை அம்மையார் கண்டார். அவர்களுக்குத் தேவை மருந்தன்று, கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற கல்வியே என்னும் முடிவுக்கு வந்தார். இட்டார்டு, செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து கற்று, தொட்டும் எடுத்தும் பொருத்தியும் பயிலத்தக்க கருவிகளைச் செய்வித்தார். ஒன்றும் கற்க மாட்டார் என ஒதுக்கப்பட்ட அச்சிறார்களுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பிற பிள்ளைகளுக்குரிய பொதுத் தேர்விலும் வெற்றி கண்டனர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, நல்ல நிலையில் உள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கின்றனர் என்று எண்ணிக் கவலையுற்றார்.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பள்ளி

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. காலையில் தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வயது எய்தாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடியும் சுவர்களில் கிறுக்கியும் திரிந்தனர். அவர்களை ஓர் அறையில் வைத்துக் காக்கும் பொறுப்பு அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் அவ்வில்லம் திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயர்.

நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதனைக் கேட்டவுடன் ஆயாக் கொட்டகையை நினைவுகூர்வர். பிரட்டுக்குச் செல்லுமுன் இருளிலேயே பிள்ளையைத் தூக்கிச் சென்று ஆயாவிடம் விட்டுவிட்டு, மங்கும் உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்ற தாய்மார்கள் எத்தனை பேர்! உலகெங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பொருள் கொடுத்துப் பயிலும் மாண்டிசோரி முறை, அத்தகையதொரு தொழிலாளர் குழந்தைக் காப்பகத்திலேதான் பிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அங்கு ஒரு நாள் ஆசிரியை காலந்தாழ்த்தி வந்தார். அதற்குள் பிள்ளைகள் பேழையைத் திறந்து, தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்திருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டெனக் கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியது எதுவெனப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர் எனக் கண்டார். அதன்பின் உயரமான பேழைகள் அகற்றப்பட்டு, பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகள் வைக்கப்பட்டன. பிள்ளைகளின் உயரத்திற்கேற்ற நாற்காலியும் மேசையும் செய்யப்பட்டன. இன்று உலகப் பள்ளிகள் பலவற்றிலும் காணப்படும் இவ்வமைப்பு அக்காலத்தில் புதுமையாயிருந்தது.

புகழும் இடர்களும்

1909ஆம் ஆண்டு அம்மையார் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். அது பன்மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில், கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டு, பிள்ளைகள் பயில்வதைப் பொதுமக்கள் வெளியில் நின்று கண்டனர்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி தொடக்கத்தில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அம்மையாரும் அவ்வாதரவை ஏற்றார். ஆயினும், தானே சிந்திக்கும் குழந்தையும், ஆணைக்கு அடிபணியும் குடிமகனை விரும்பும் ஆட்சியும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1934ஆம் ஆண்டு அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார். இசுபெயினில் வாழ்ந்தபோது 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. மீண்டும் வீடிழந்து ஒல்லாந்து நாடு சேர்ந்தார். அறுபத்தாறாம் வயதில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழ் மண்ணில் அம்மையார்

1939ஆம் ஆண்டு, சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் அம்மையார் இந்தியா வந்தார். ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பல மாநிலங்களினின்றும் அடையாற்றில் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். சில திங்கள் தங்கித் திரும்புவதாகவே எண்ணம்.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கவே, இந்தியாவிலிருந்த இத்தாலியர் பகைநாட்டவராயினர். மகன் சிறைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாய் அடையாற்று எல்லைக்குள் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று, அரசப் பிரதிநிதி மகனை விடுவித்துப் பிறந்தநாள் பரிசாக அவரிடம் அனுப்பி வைத்தார்.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தனர். சிறு பிள்ளைகளோடு ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அங்கு அவரிடம் பயின்றனர். மலைச் செடிகளும், குட்டை நீரில் வாழும் உயிர்களும், கற்களும், பூச்சிகளும் பாடப்பொருளாயின. சிறு குழந்தை, இது என்ன என்று வினவும். ஆறு வயதைக் கடந்த பிள்ளையோ, ஏன், எப்படி, எங்கிருந்து என்று வினவும். ஆகவே பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடாமல், உலகம் தோன்றிய கதை, உயிர்கள் வந்த கதை, மனிதன் வந்த கதை, எழுத்தின் கதை, எண்ணின் கதை எனப் பெருங்கதைகளாகக் கூறி, பின்னர்ப் பிள்ளைகளையே தேடச் செய்தல் வேண்டும் என்பது அம்மையார் கண்ட நெறி. தொடக்கப்பள்ளிக் கல்வி பற்றி அவர் முன்னரே எழுதியிருந்தபோதிலும், இந்நெறி முழு உருப்பெற்றது தமிழ் மண்ணின் மலையொன்றிலேதான். இஃது எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். நோபல் அமைதிப் பரிசுக்கு மும்முறை முன்மொழியப்பெற்றார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஒல்லாந்துக் கடற்கரை ஊர் ஒன்றில் உயிர்நீத்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் செய்த தவறு

ஈண்டு நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் இருத்தல் நேர்மையாகாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், வேறொரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினோம். கணிதப் பாடத்தின்போது மாணவன் ஒருவன் மேசைக்கடியில் பால்மர விதைகளை வைத்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று கருதி, விதைகளைச் சன்னலுக்கு வெளியே எறிந்தோம். பிரம்பும் எடுத்தோம். உண்மையில் அவன் பத்துப் பத்தாக அடுக்கி, பெருக்கல் கணக்குக்கு விடை கண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை பிறகு சொல்லித்தான் அதனை அறிந்தோம். அவனிடம் அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப்பின் அவன் கணிதத்தில் கையுயர்த்தியதே இல்லை.

அம்மையாரின் வரலாற்றைப் பிற்காலத்தில் கற்றபோது, பேழையைத் திறந்த பிள்ளைகளைத் திருடர் என்று கருதிய ஆசிரியையின் இடத்தில் நம்மையே கண்டோம். அம்மாணவர் இன்று செம்பனைப் பழமேற்றும் லாரி ஓட்டுகிறார். அவர் மகள் நம் பள்ளியில் நான்காம் ஆண்டில் பயில்கிறாள். மகளைச் சேர்க்க வந்தபோது நாமே அந்நிகழ்ச்சியைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். ஆனால் மறந்திருக்கவில்லை.

நம் பள்ளியில் நடைபெறும் பாடங்கள்

மாண்டிசோரிக் கருவிகள் விலைமிக்கவை. 1931ஆம் ஆண்டு இலண்டனில் அம்மையாரைச் சந்தித்த காந்தியடிகள், இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவித்தார். அவ்விருப்பத்தையே துணையாகக் கொண்டு, நம் கைக்கெட்டும் பொருள்களால் மூன்று பாடங்களை அமைத்துள்ளோம்.

முதலாவது விதைக் கணிதம். அம்மையார் பொன்னிற மணிகளைப் பயன்படுத்தினார். நமக்குக் கோயிலின் பின்புறம் எஞ்சி நிற்கும் பால்மரங்களின் விதைகளே மணிகள். மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் 9 விதை. அதனை நான்குக்கு நான்காக வளர்க்க எத்தனை வேண்டும்? இரு பக்கமும் மூலையுமாக 7 வேண்டும். ஐந்துக்கு ஐந்தாக்க மேலும் 9 வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றையெண்களைக் கூட்டக் கூட்டச் சதுர எண்களே வரும் என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நாம் சொல்லாமலே கண்டனர்.

இரண்டாவது கருந்துணிப் பாடம். அம்மையார் இந்தியாவில் இருந்த காலத்தில் நீண்ட கருந்துணியை உலகின் வயதாக விரித்துக் காட்டும் முறை உருவாயிற்று. நாம் 46 மீட்டர் நீளத்திற்குத் துணி தைத்தோம். உலகின் வயது ஏறத்தாழ 4,600 மில்லியன் ஆண்டு என்பதால், ஒரு மீட்டர் 100 மில்லியன் ஆண்டுக்குச் சமம். ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் பண்டைக் கடலடியில் படிந்தவை. துணியின் முடிவிலிருந்து 2.5 மீட்டருக்கும் அப்பால் அவற்றின் இடம். மனிதனுக்கு உரியது கடைசி மூன்று மில்லிமீட்டரே. லெங்கோங்கில் 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பேராக் மனிதன் வாழ்ந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். துணியில் அஃது ஒரு தாளின் கனமே. இதனைக் கண்டபின் வகுப்பில் நிலவிய அமைதியை எந்தப் பிரம்பும் தந்ததில்லை.

மூன்றாவது மரத்தின் கதை. பால்மரம் நம் நாட்டு மரமன்று. 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றன. முளைத்தவற்றுட் சில கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிள்ளைகள் உலகப் படத்தில் அவ்வழியை வரைந்தனர். பின் பால்மரம் வெட்டிய பாட்டியர் இருவரை வகுப்புக்கு அழைத்தோம். வெட்டு ஏன் சாய்வாக அமைய வேண்டும், வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் ஏன் மிகுதியாக வடிகிறது, அமிலம் சேர்த்தால் பால் ஏன் உறைகிறது எனப் பிள்ளைகள் வினாக்களை அடுக்கினர். எழுதப் படிக்க அறியாத அப்பாட்டியர், அன்று நம்மினும் சிறந்த ஆசிரியராய் விளங்கினர்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! மனப்பாடமும் எழுத்துப் பயிற்சியும் வேண்டாவென நாம் கூறவில்லை. அவையும் நாள்தோறும் நடைபெறுகின்றன. ஆயினும், வினாக் கேட்க அஞ்சும் பிள்ளை எத்தனை புள்ளி பெற்றாலும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் தடுமாறும். அதனைப் பலமுறை கண்டுள்ளோம். வீட்டில் உங்கள் பிள்ளை ஒரு பொருளை உற்று நோக்கிக்கொண்டிருந்தால், என்ன செய்கிறாய் என்று அதட்டுமுன் சற்றே நின்று பாருங்கள். நாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யத் தவறியது அதுவே.

மாணவச் செல்வங்களே! நான்காம் ஆண்டு வகுப்பின் தாழ்ந்த அலமாரியில் ஒரு பெட்டி நிறையப் பால்மர விதைகள் உள்ளன. எவரையும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியபின் எண்ணி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். அம்மையார் தம் பிள்ளைகளிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவே.

வாழ்க மாண்டிசோரி அம்மையாரின் புகழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!