மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்)

மக்கா முகர்ரமாவிலுள்ள மத்ரஸத்துஸ் ஸவ்லத்திய்யாவின் பெயரைக் கேள்விப்படாத ஆலிம்கள் நம்மில் குறைவு. ஆனால் அதை நிறுவிய பெரியாரின் சரிதை நம் வீடுகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை. ஒரு பேரரசின் பலம் எதிரே நின்ற காலத்தில், கல்வியையே கேடயமாகக் கொண்டு தீனைக் காத்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்) அவர்களே அப்பெரியார். அன்னாரின் வாழ்வைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

ஹிஜ்ரி 1233-ல், அதாவது கி.பி. 1818-ல், டில்லிக்கு வடக்கேயுள்ள கைரானா என்னும் ஊரில் மௌலானா பிறந்தார்கள். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வழிவந்த குடும்பம் அது. டில்லியிலும் லக்னோவிலும் ஓதித் தேர்ந்து, பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வந்தார்கள்.

அன்றைய நிலை

கிழக்கிந்தியக் கம்பெனி தொடக்கத்தில் பாதிரிமார்களைத் தன் எல்லைக்குள் விட விரும்பவில்லை. மக்களின் மனம் புண்பட்டால் வியாபாரம் கெடும் என்பது அதன் கணக்கு. 1813-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மற்ற ஐரோப்பிய நாட்டுப் பாதிரிமார்களும் தாராளமாக வந்தனர். 1837-38-ல் ஆக்ராப் பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியபோது, அநாதையாகிவிட்ட பிள்ளைகளுக்கு ஸிகந்தராவில் பாதிரிமார்கள் விடுதி அமைத்தனர். அக்பர் பாதுஷாவின் அடக்கத்தலம் இருக்கும் ஊர் அது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அந்தப் பிள்ளைகளை ஏந்திக்கொள்ள நம்மிடம் ஏன் ஏற்பாடு இல்லாமற் போயிற்று என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

1841 முதல் ஆக்ராவில் பணியாற்றியவர் பாதிரியார் ஃபண்டர். ஜெர்மனி நாட்டவர். காகஸஸ் மலைப் பகுதியில் போதனை செய்துகொண்டிருந்தவர், 1835-ல் ருஷ்ய அரசு தடை விதித்ததால் அங்கிருந்து வெளியேறி, பின்னர் இந்தியா வந்தவர். பார்ஸி மொழியில் வல்லவர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய மீஸானுல் ஹக் என்னும் நூல் பார்ஸியிலும் உருதுவிலும் பரவியது.

ஆக்ரா அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த வில்லியம் மியூர் அவருக்கு நெருங்கியவர். ஃபண்டரின் தூண்டுதலால்தான் மியூர், பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டார். இதே மியூர் 1857-ல் ஆக்ராவில் அரசின் உளவுத் துறையை நடத்தினார். 1868-ல் அம்மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராகவும் ஆனார். பாதிரிமார்கள் யாவரும் சர்க்காரின் ஏவலாட்கள் என்று நாம் சொல்ல மாட்டோம், அது நீதியாகாது. ஆயினும் போதனை எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது பாமர மக்களுக்கு விளங்காமற் போனதில் வியப்பில்லை.

ஆக்ரா முனாழரா

மௌலானா அவசரப்படவில்லை. முதலில் எதிர்த்தரப்பின் நூல்களைப் படித்தார்கள். ஆக்ரா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த டாக்டர் வஜீர்கான் அவர்களுக்கு உற்ற துணையாக வாய்த்தார். டாக்டர் ஆங்கிலம் அறிந்தவர். வேதாகமத்தைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களே எழுதிய ஆராய்ச்சி நூல்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். ஃபண்டரோ மௌலானாவிடம் அத்தகைய நூல்கள் இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை.

கடிதங்கள் மூலம் நிபந்தனைகள் பேசி முடிக்கப்பட்டன. 1854 ஏப்ரல் 10, 11 (ஹிஜ்ரி 1270 ரஜப்) ஆகிய இரு நாட்கள் ஆக்ராவில் முனாழரா நடந்தது. ஆங்கில அதிகாரிகளும் ஊர்ப் பிரமுகர்களும் கூடியிருந்தனர். பாதிரியாருக்குத் துணையாக அமர்ந்த பிரெஞ்சு என்பவர் பின்னாளில் லாகூரின் முதல் பிஷப் ஆனவர். முந்திய வேதங்கள் ரத்தானது, அவை மாற்றப்பட்டது, திரியேகக் கொள்கை, திருக்குர்ஆன், நபித்துவம் எனப் பேசவேண்டியவை வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் இரு நாட்களும் முந்திய வேதங்களைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தன. வேத ஏடுகளில் சில இடங்களில் பிரதி எடுத்தோரால் மாறுதல் நேர்ந்திருப்பதை ஃபண்டர் ஒப்புக்கொண்டார். எனினும் அதனால் மூலக் கொள்கைக்குப் பழுதில்லை என்று வாதித்தார். சந்தேகத்திற்கு இடமாகிவிட்ட ஏட்டை ஆதாரமாக ஏற்க இயலாது என்பது மௌலானாவின் நிலை. மூன்றாம் நாள் கூட்டம் நடைபெறவில்லை.

முஸ்லிம்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு செய்தியை நாம் மறைக்கலாகாது. அந்நாளில் முஸ்லிம்களின் பக்கம் நின்ற ஸப்தர் அலீ, இமாதுத்தீன் ஆகிய இருவரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிறிஸ்தவ மதத்தைத் தழுவினர். சபையில் பெறும் வெற்றி மட்டுமே ஈமானுக்குக் காவலாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாடு துறந்த பயணம்

1857-ல் புரட்சி மூண்டது. கைரானா, ஷாம்லி பகுதிகளில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர்களில் மௌலானாவும் ஒருவர். புரட்சி அடக்கப்பட்டது. அவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்கு ஆயிரம் ரூபாய் வெகுமதி அறிவிக்கப்பட்டது. சொத்துக்கள் பறிமுதலாகி ஏலத்திற்கு வந்தன. பெயரை மாற்றிக்கொண்டு, ராஜபுதனத்து மணல்வெளிகளைக் கடந்து சூரத் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறி மக்கா சேர்ந்தார்கள். டாக்டர் வஜீர்கானும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். ஷாபிஈ முப்தியாக விளங்கிய ஷைகு அஹ்மத் ஸைனீ தஹ்லான் அவர்கள், மௌலானாவின் இல்மை அறிந்து, ஹரம் ஷரீபில் பாடம் நடத்த வழி செய்தார்கள்.

ஃபண்டரோ 1858-ல் இஸ்தான்பூலுக்கு அனுப்பப்பட்டிருந்தார். சுல்தான் அப்துல் அஜீஸ் மௌலானாவைத் தலைநகருக்கு வரவழைத்தார். அங்கே ஹிஜ்ரி 1280 ரஜபில் தொடங்கி, துல்ஹஜ்ஜில் முடித்த அரபு நூலே இழ்ஹாருல் ஹக். ஆறு பாபுகள் கொண்டது. ஆக்ராவில் எடுத்துக் காட்டிய ஆதாரங்களெல்லாம் அதில் விரிந்தன. அதே 1864-ல் உதுமானிய அரசு பாதிரிமார்களின் கூடங்களை மூடிற்று. ஃபண்டர் இங்கிலாந்து திரும்பி 1865-ல் காலமானார். அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

ஸவ்லத்துன்னிஸா பேகம்

புகழோடு மக்கா திரும்பிய மௌலானாவின் மனம் கல்வியிலேயே நின்றது. கல்கத்தாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஸவ்லத்துன்னிஸா பேகம் என்னும் சீமாட்டி, ஹாஜிகள் தங்க ஒரு விடுதி கட்ட நாடினார். விடுதிகள் இருக்கின்றன, முறையான மத்ரஸாதான் இல்லை என்று மௌலானா எடுத்துரைத்தார்கள். அந்த அம்மையார் இணங்கிப் பொருளை வழங்கினார். ஹிஜ்ரி 1291-ல் (1874) எழுந்த மத்ரஸாவுக்கு மௌலானா தம் பெயரைச் சூட்டவில்லை. கொடுத்தவரின் பெயரையே சூட்டினார்கள். இந்தியாவிலிருந்தும் ஜாவா, சுமத்ரா போன்ற தீவுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதினர். அவர்கள் தத்தம் ஊர் திரும்பி ஏற்றிய விளக்குகள் பல.

முதுமையில் மௌலானாவின் கண்பார்வை மங்கியது. சுல்தான் அப்துல் ஹமீத் அவர்கள் சிகிச்சைக்காக இஸ்தான்பூலுக்கு அழைத்தும், அங்கே தங்கிவிட மனமின்றி மக்காவுக்கே திரும்பினார்கள். ஹிஜ்ரி 1308 ரமளான் பிறை 22-ல் (1891) வபாத்தாகி ஜன்னத்துல் முஅல்லாவில் அடக்கமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அன்பர்களே! ஊரையும் சொத்தையும் பேரரசு பறித்தது. கல்வியை அதனால் பறிக்க முடியவில்லை. பிற மதத்தவரோடு பேச நேர்ந்தால் அவர்களின் நூலை முதலில் படித்து, அழகிய முறையில் பேசவேண்டும் என்பது மௌலானாவின் வாழ்வில் நமக்குள்ள முதற்பாடம். அதைவிடப் பெரியது இரண்டாவது. நம் பிள்ளைகளின் நெஞ்சில் தீன் பதிவது மேடையிலன்று, தினந்தோறும் ஓதும் பாடத்தில்தான். உங்கள் மஹல்லாவின் மத்ரஸாவில் இன்று எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள், அவர்களின் உஸ்தாதுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதை இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள். அல்லாஹ் மௌலானா அவர்களின் கபுரை ஒளிமயமாக்கி, நமக்கும் நல்ல தௌபீக்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.