இன்சுலினின் உருவம் கண்ட டோரதி அம்மையார்

எங்கள் வீட்டில் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு சிறு சடங்கு நடக்கும். அரசு மருத்துவமனையில் தந்த இன்சுலின் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்குள் வைத்த டப்பாவிலிருந்து எடுத்து வருவேன். அதைக் குலுக்கக் கூடாது. இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். அடியில் படிந்த வெண்மை கலந்து நீர்மோர் போல ஆனதும் அம்மாவுக்கு ஊசி போடுவேன். அதன்பின் அரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா இட்லியைத் தொடலாம். பசியோடு இருப்பவரை எதற்காகக் காக்க வைக்கிறார்கள் என்று பள்ளி நாட்களில் எனக்குக் கோபமே வந்ததுண்டு. விடை கிடைத்தது இக்கல்லூரியில், புரதங்கள் பற்றிய பாடம் நடந்தபோது. அந்த விடையைத் தேடித் தந்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அதற்கு அவருக்கு 34 ஆண்டுகள் பிடித்தன.

டோரதி குரோபுட் 1910-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தையார் அங்கே கல்வித் துறையில் பணியாற்றியவர். தாயார் பழங்கால நெசவுத் துணிகளை ஆராய்ந்தவர். இங்கிலாந்தில் அவர் பயின்ற பள்ளியில் வேதியியல் ஆண் பிள்ளைகளுக்கே உரிய பாடமாக இருந்தது. டோரதிக்கும் இன்னொரு சிறுமிக்கும் மட்டும் அவர்களுடன் சேர்ந்து பயிலத் தனி அனுமதி கிடைத்தது. எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு படிகத்தினுள் அணுக்கள் அமைந்துள்ள விதத்தை அறியலாம் என்று விளக்கும் வில்லியம் பிராக்கின் நூலொன்றைத் தாயார் பரிசளித்தார். மகளின் வாழ்க்கைப் பாதையை அந்நூலே வகுத்துவிட்டது எனலாம்.

ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜ் சென்று பெர்னால் என்னும் அறிஞரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. ஆனால் மாலையாக நீண்டு கிடந்தால் அதனால் பயனில்லை. உரிய முறையில் மடிந்து உருக்கொண்ட பிறகே அது செல்லில் தன் வேலையைச் செய்கிறது. முட்டையை அவிக்கும்போது மாலை அறுவதில்லை, மடிப்பு குலைகிறது. குலைந்தது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்த மடிப்பை அன்று எவரும் கண்டதில்லை. 1934-இல் பெர்னாலும் டோரதியும் பெப்சின் படிகத்தை உலரவிடாமல் ஈரத்துடனேயே எக்ஸ்ரே படம் எடுத்தனர். படத்தில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. புரதத்துக்கும் திட்டமான உருவம் உண்டு என்பது அதனால் விளங்கிற்று.

அதே ஆண்டில், 24-ஆம் வயதில், அவருடைய விரல் மூட்டுகள் வீங்கின. முடக்குவாதம் என்றனர் மருத்துவர்கள். படிகங்களைக் கையாள வேண்டிய கைகள் அவை! அவர் ஆய்வை விடவில்லை. எக்ஸ்ரே கருவியின் சுவிட்சைத் தள்ள முடியாமற்போன போது அதற்கு ஒரு நெம்புகோலைப் பொருத்திக் கொண்டார்.

ஆக்ஸ்போர்டு திரும்பிய அவருக்கு ராபர்ட் ராபின்சன் சிறிதளவு இன்சுலின் படிகங்களைத் தந்தார். 1935-இல் அதன் முதல் படத்தைக் கழுவி எடுத்த இரவில், மகிழ்ச்சி தாங்காமல் ஆக்ஸ்போர்டு வீதிகளில் நெடுநேரம் நடந்தாராம். ஆனால் புள்ளிகளைக் கண்டது தொடக்கமே. இன்சுலினில் ஏறக்குறைய 800 அணுக்கள். அத்தனையின் இடத்தையும் கணக்கிட அன்று வழியில்லை. காத்திருந்தார். இடையில் தாமஸ் ஹாட்ஜ்கினை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். 1945-இல் பென்சிலினின் அமைப்பையும், அடுத்த பத்தாண்டில் வைட்டமின் பி12-இன் அமைப்பையும் கண்டறிந்தார். 1964-இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. மேரி கியூரிக்கும் அவர் மகள் ஐரீனுக்கும் பிறகு அப்பரிசைப் பெற்ற பெண்மணி இவரே. பரிசு பெற்றதும் ஓய்ந்துவிடாமல் மீண்டும் இன்சுலினையே கையில் எடுத்தார்.

கணிப்பொறிகள் வளர்ந்தபின், 1969-இல் இன்சுலினின் உருவம் தெளிந்தது. அந்த ஆய்வுக் குழுவில் நம் நாட்டு அறிஞர் எம். விஜயனும் இருந்தார், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆய்வை வளர்த்தவர் அவர்.

அந்த உருவம் என்ன சொல்கிறது? ஓர் இன்சுலின் மூலக்கூறில் 21, 30 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் உள்ளன. இத்தகைய மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து, மூன்று இணைகள் இரு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறாகக் கைகோத்து நிற்கின்றன. கணையத்தின் செல்கள் இன்சுலினை இப்படித்தான் சேமித்து வைக்கின்றன. ஆனால் வேலை செய்வது பிரிந்து வந்த தனி மூலக்கூறே; செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்துவது அதுதான். ஊசியில் ஏறிய இன்சுலினும் தோலுக்கடியில் பிரிந்தாக வேண்டும். அம்மா காத்திருக்கும் அரை மணி நேரம் அதற்குத்தான். புட்டியின் அடியில் படியும் வெண்மையும் நுண்ணிய இன்சுலின் படிகங்களே. அவை மெல்லக் கரைவதால்தான் மருந்து நெடுநேரம் நிற்கிறது. மூலக்கூறுகள் கைகோக்கும் இடம் தெரிந்ததால், அங்கே இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, விரைவில் பிரியும் இன்சுலினையும் பின்னாளில் செய்தனர். 1996-இல் அது மருந்தாக வந்தது. அதைப் போட்டுக் கொள்பவர் உடனே உணவு கொள்ளலாம்.

டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1994-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டுகூடச் சக்கர நாற்காலியில் பீஜிங் சென்று படிகவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார்.

மாணவ நண்பர்களே, நம் பாடநூலில் இன்சுலின் ஐந்து மதிப்பெண் வினா. அந்தப் படத்துக்குப் பின்னே வளைந்து போன விரல்களும் 34 ஆண்டுகளும் இருக்கின்றன. ஆறு பேர் கைகோத்த கதையை ஒரு காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அவர்கள் நிதானமாகவே பிரிந்து வரட்டும் என்றார். அந்த அரை மணி நேரம் இப்போது எனக்குக் கோபம் தருவதில்லை. அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து நானும் காத்திருக்கிறேன்.