நா எழாத வழக்கறிஞர்

காந்தியடிகளை அறியாதவர் நம்மில் எவருமிலர். ஆயினும் நான்கு பேர் முன் நிற்கவே நடுங்கிய அவரைப் பொதுவாழ்விற்கு அழைத்து வந்தவர்களுள் முன்னின்றோர் தென்னாப்பிரிக்க முஸ்லிம் வணிகர்களே என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அவர், பள்ளி விட்டதும் எவரிடமும் பேச நேராதிருக்க வீட்டிற்கு ஓடிவிடும் சிறுவர். லண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவாளர் சங்கக் குழுவில் இடம்பெற்றிருந்தும், தாம் எழுதிச் சென்ற கருத்தை வாசிக்கத் துணிவின்றி வேறொருவரை வாசிக்க விட்டார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தரச் செய்து வெளியேறினார்.

1893இல் தாதா அப்துல்லா கம்பெனியார் தம் வழக்கிற்கு உதவ அவரை வரவழைத்தனர். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. பின்னர் பிரிட்டோரியாவில், சேட் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் இல்லத்தில், பெரும்பாலும் மேமன் வணிகர்கள் கூடிய அவையில் அவர் தம் முதல் பொதுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். பொருள், வணிகத்தில் வாய்மை. முன்பே சிந்தித்து ஆயத்தமாக வந்தமையால் நா தடுமாறவில்லை. ஆங்கிலம் கற்பிக்கவும் முன்வந்தார். கற்க வந்தோர் மூவரே. அவர்களுள் ஒருவர் நாவிதர்.

1894இல் பிரிவுபசார விருந்தன்று, இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் நேட்டால் மசோதா பற்றிய செய்தி தெரியவந்தது. வணிகர்களிடம் செல்வம் இருந்தது. ஆங்கிலத்தில் மனு வரைய ஆள் இல்லை. ஒரு மாதம் தங்குமாறு வேண்டினர். இசைந்தார். பொதுப்பணிக்கு ஊதியம் வேண்டாவென மறுத்தார். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவானபோது தலைவர் இருக்கையில் வணிகர் அமர, இவர் செயலாளரானார். மனு எழுதுவதும், கணக்கு வைப்பதும், ரசீது கொடுப்பதும் அடக்கமான இயல்பினர்க்கு ஏற்ற பணிகள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சந்தா வசூலுக்குச் செல்லும் நம் நிர்வாகிகள் அடுத்த நிகழ்ச்சியைப் படித்துப் புன்னகைப்பர். டோங்காட் என்ற ஊரில் ஒரு செல்வர் இல்லத்தில் விருந்தினராகத் தங்கிய குழுவினர் 6 பவுன் எதிர்பார்த்தனர். அவரோ 3 பவுனுக்கு மேல் தர இசையவில்லை. குறைத்துப் பெற்றால் ஏனையோரும் குறைப்பர். ஆகவே உணவு உண்ணாமல் இரவு முழுவதும் அமர்ந்திருந்தனர். உடன் வந்தோர் சினத்தால் கொதித்தனர். காந்தியடிகள் பொறுமை காத்தார். பொழுது புலரும் வேளையில் செல்வர் 6 பவுனைக் கொடுத்து, விருந்தும் படைத்தார்.

1906 செப்டம்பர் 11. டிரான்ஸ்வால் இந்தியர் கைரேகையிட்டுப் பதிவு செய்ய வேண்டுமென்ற சட்ட முன்வரைவை எதிர்த்து ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் மக்கள் திரண்டனர். சேட் ஹாஜி ஹபீப், இறைவனைச் சாட்சியாக்கி உறுதியேற்போம் என்றார். எதிர்பாராத அச்சொல் காந்தியடிகளைத் திடுக்கிட வைத்தது. எழுந்தார். உறுதிமொழியின் பாரத்தையும், சிறையும் அடியும் வறுமையும் வரக்கூடும் என்பதையும், பிறர் விலகினும் தனித்து நிற்க வல்லவரே ஏற்க வேண்டும் என்பதையும் மறைக்காது எடுத்துரைத்தார். அவையினர் அனைவரும் எழுந்து நின்று, கையுயர்த்தி உறுதியேற்றனர்.