தங்கமுத்து அம்மையாரின் மகன்

தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று, இந்த ஆற்றை வெட்டியது யார் என்று ஒரு பிள்ளை தாயைக் கேட்டால், உப்பு ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்ற பதிலே கிடைக்கும். யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் செய்தி அது. அந்த நூலை ஆராய்ந்து, கதை எது, சரித்திரம் எது என்று பிரித்துக் காட்ட முற்பட்டவர், பக்கத்து ஊரான அச்சுவேலியில் வளர்ந்த பிள்ளையே. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. அவரை அச்சுவேலிக்கு அழைத்து வந்த தாயைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி மானிப்பாயில், பெயர்பெற்ற சைவக் குடும்பமொன்றில் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் சுவாமிநாதபிள்ளையும் தங்கமுத்துவும். இட்ட பெயர் வைத்திலிங்கம். ஐந்து வயதளவில் தந்தை இறந்துபோனார். இளம் விதவை மூலையில் முடங்கியிருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. தங்கமுத்து அம்மையாரோ அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். தாயும் மகனும் ஞானஸ்நானம் பெற்றனர். வைத்திலிங்கம் ஞானப்பிரகாசர் ஆனார்.

இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். சுவாமிகள் பிற்காலத்தில் சமயத் தர்க்கங்களில் ஈடுபட்டு எத்தனையோ நூல்களும் பிரசுரங்களும் எழுதியவர். பலரைத் திருமறைக்கு அழைத்து வந்தவர். அப்படிப்பட்டவரின் சொந்த விசுவாசம் தர்க்கத்தால் வந்ததன்று. தாய் போன இடத்துக்கு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன சிறுபிள்ளை அவர். ஞானோபதேசப் புத்தகத்துக்கு முன்பே பிள்ளை தாயின் முகத்தைப் படித்துவிடுகிறது. தம்பிமுத்துப்பிள்ளையும் மனைவியின் பிள்ளையைப் பிறத்தியாராக எண்ணவில்லை. புலமையும் எழுத்தும் நிறைந்த அவ்வீட்டிலேயே பையனுக்குத் தமிழ் ஊறியது.

1893இல் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் பரீட்சையில் முதலாவதாகத் தேறி உத்தியோகம் ஏற்றார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று நம்மவர் எண்ணிய காலத்தில், இது எந்தத் தாய்க்கும் பெருமைதான். ஆயினும் 1895இல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுக் குருமடம் புகுந்தார். ஒருமுறை எல்லாம் இழந்து எழுந்த தாய்க்கு, சம்பளம் கொண்டுவரும் மகனைக் கோவிலுக்குக் கொடுப்பது சிறு காரியமா? மகனுக்கு நல்ல உத்தியோகம் தேடி நேர்த்தி வைக்கும் நம் தாய்மார் இதை அறிவார்கள்.

1901 டிசம்பர் முதலாம் திகதி அமலமரித் தியாகிகள் சபைக் குருவாக அபிஷேகம் பெற்றார். நல்லூரில் ஆண்டுக்கணக்காய்ப் பணிசெய்து, ஆலயங்கள் கட்டி, பல மொழிகள் கற்று, தமிழ்ச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1947 ஜனவரி 22ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். 1981இல் இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது.

வைபவமாலையை ஆராய்ந்த அவரது யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வெளிவந்தது. அதை அச்சிட்டது தம்பிமுத்துப்பிள்ளை நிறுவிய அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலை.